எட்டா அக்கிலேயின் ஒளிமாற்றம் கமராவில் பாதிதான் பதிகிறது, உதவி தேவை

வணக்கம். மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து எழுதுகிறேன். திருவோணத்துக்குத் தெற்கே உள்ள எட்டா அக்கிலே என்னும் செபீட் விண்மீனை நானும் மகளும் ஓகஸ்ட் 3 முதல் செப்டெம்பர் 10 வரை 21 இரவுகள் படம் பிடித்தோம். அது 7.18 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குவது; அதனோடு ஒளியும் கூடிக் குறையும். ஒளித்தரம் (எண் குறைந்தால் ஒளி அதிகம்) ஏறக்குறைய 3.5இலிருந்து 4.4 வரை மாற வேண்டும். எங்கள் வரைபடத்திலோ 0.4 அளவுக்கு மேல் மாறவில்லை.

காலம் சரியாக வருகிறது. வேகமாக ஏறி மெல்ல இறங்கும் வடிவமும் தெரிகிறது. உச்சி மட்டும் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கிறது. வெறுங்கண்ணுக்கே தெரியும் மாற்றம் படத்தில் எங்கே போகிறது?

கெனான் 1300டி, 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, ஐஎஸ்ஓ 1600, 10 விநாடி. ஒப்பீட்டுக்கு பீட்டா அக்கிலே (3.7), அயோட்டா அக்கிலே (4.4). முதல் இரண்டு வாரம் ஜேபெக் கோப்பாக, பிறகு ரோ (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஆகச் சேமித்தோம். பச்சை நிறத்தை மட்டும் பிரித்து அளந்தும் மாற்றமில்லை. வாவியிலிருந்து வரும் ஈரத்தில் லென்ஸ் பனித்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை மகள் பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுப்பாள். ஆகவே பனி காரணமல்ல என்று நினைக்கிறேன். படத்தில் விண்மீனின் நடுப்புள்ளிகள் கமரா பதியக்கூடிய ஒளியின் எல்லையைத் தொட்டு நிரம்பி வழிகின்றனவோ என்பதே என் சந்தேகம்.

மாரி மழை தொடங்க அதிக நாள் இல்லை. இந்த லென்ஸில் 3.5 ஒளித்தர விண்மீன் நிரம்பாமல் பதிய, எத்தனை விநாடி, எந்த ஐஎஸ்ஓ வைக்க வேண்டும்?