பிராங்க்ஃபர்ட்டில் இருந்து பாஸ்டனுக்கு ஒருவழி டிக்கெட்: மலிவாக எடுக்க வழி உண்டா?

பனிக்காற்று:
வேலைக்காக பாஸ்டன் போகிறேன், விசா வந்துவிட்டது, இப்போதைக்குத் திரும்பும் திட்டம் இல்லை. அதனால் ஒருவழி டிக்கெட் போதும் என்று தேடினால், நேர் விமானங்களில் போகவர எடுப்பதை விட ஒருவழிக்குக் கூடுதலாகக் காட்டுகிறது! தேதியை மாற்றி மாற்றிப் பார்த்தும் அதே கதைதான். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் நடுவிலோ கிளம்பலாம். இரண்டு பெரிய பெட்டிகள் இருக்கின்றன. போகவர டிக்கெட் எடுத்துத் திரும்பும் பாதியை அப்படியே விட்டுவிடு என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது சரிப்படுமா?

மேகப்பாதை:
முதலில் ஏன் இப்படி என்று சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பது தானாகவே தெரியும். ஒருவழி டிக்கெட்டை, அதுவும் கடைசி நேரத்தில் வாங்குகிறவர் கம்பெனிக் காசில் பறப்பவர், விலை பார்க்க மாட்டார் என்பது பழைய விமான நிறுவனங்களின் கணக்கு. அட்லாண்டிக் தடத்தில் அது இன்னும் பெரிதாக மாறவில்லை. லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா மூன்றும் கூட்டு சேர்ந்துதான் இந்தத் தடத்தில் விற்கின்றன. ஏர் பிரான்ஸ், கேஎல்எம், டெல்டா, விர்ஜின் அட்லாண்டிக் இன்னொரு கூட்டு. அதனால் தேடலில் பல பெயர் தெரிந்தாலும் போட்டி அத்தனை பேருக்குள் இல்லை.

போகும் பயணத்துக்குத் தனி விலை, வரும் பயணத்துக்குத் தனி விலை என்று விற்பவர்களிடம் போங்கள். உங்கள் ஊருக்கு முதலில் பார்க்க வேண்டியது ஐஸ்லாந்தேர் (ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையத்தில் மாறி பாஸ்டன்), அடுத்து ஏர் லிங்கஸ் (டப்ளினில் மாறி), அப்புறம் பருவத்தில் நேராகப் பறக்கும் காண்டோர். டப்ளினில் ஒரு வசதி உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவார்கள், பாஸ்டனில் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கி நடக்கலாம். ஆனால் அதற்கே நேரம் பிடிக்கும் என்பதால் டப்ளினில் ஒரு மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட்டை எடுக்காதீர்கள்.

தேதி விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், செப்டம்பர் நடு. ஆகஸ்ட் கடைசியில் ஐரோப்பாவில் விடுமுறை முடித்த அமெரிக்கர்கள் எல்லோரும் உங்கள் திசையில்தான் திரும்புவார்கள், பாஸ்டனுக்குப் படிக்கப் போகிற மாணவர்களும் அதே வாரங்களில்தான் கிளம்புவார்கள். ஒருவழி வாங்குபவருக்கு எந்த மாதம் என்பதோடு எந்தத் திசை என்பதும் முக்கியம்.

கடலோடி:
திரும்பும் பாதியை விடுவது பற்றி: நடைமுறையில் நடக்கும், நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் பல நிறுவனங்களின் ஒப்பந்த விதிகளில் அதற்கு அனுமதி இல்லை, விலை வித்தியாசத்தைக் கேட்கவோ மைல் கணக்கை (அடிக்கடி பறப்பவர்கள் சேர்க்கும் புள்ளிகள்) முடக்கவோ இடம் வைத்திருக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன், அதுவும் தனித்தனி விலை விற்பவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கும்போது. ஒன்றை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியில் மட்டும் ஏற முடியாது. முதல் விமானத்தில் நீங்கள் ஏறவில்லை என்றால் மிச்சம் முழுவதும் ரத்தாகிவிடும்.

விசா இல்லாமல் எஸ்டா என்ற இணைய முன்அனுமதியில் அமெரிக்கா போகிறவர்கள் இந்த இழையைப் படித்தால், உங்களுக்கு ஒருவழி டிக்கெட் மட்டும் போதாது. திரும்பும் பயணத்துக்கோ வேறு நாட்டுக்குப் போவதற்கோ டிக்கெட் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பனிக்காற்று:
ரொம்ப நன்றி. லண்டன் காட்விக்கில் இருந்து நார்ஸ் அட்லாண்டிக்கில் நியூயார்க் போவது இதை விடக் குறைவாகத் தெரிகிறதே? காட்விக் வரை தனி டிக்கெட், நியூயார்க்கில் இருந்து பாஸ்டனுக்கு பஸ் என்று போனால்?

மூட்டைமுடிச்சு:
இரண்டு பெட்டியோடா? வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். நார்ஸின் அடிமட்டக் கட்டணத்தில் முன்சீட்டுக்கு அடியில் அடங்கும் சிறு பைதான் சேர்த்தி, தலைக்கு மேலே வைக்கும் பெட்டிக்கே தனிக் காசு. காட்விக் வரும் சின்ன விமானத்திலும் அதே இரண்டு பெட்டிக்கு இன்னொரு முறை கட்ட வேண்டும். டிக்கெட் தனித்தனி என்பதால் காட்விக்கில் குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து, பெட்டிகளை பெல்ட்டில் இருந்து எடுத்து, மறுபடி செக்-இன் வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டனுக்குள் நுழைய விசாவோ இடிஏ என்ற இணைய முன்அனுமதியோ தேவையா என்பது வேறு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டு கம்பெனியும் பொறுப்பேற்காது, டிக்கெட் காசு போனது போனதுதான். கைப்பையோடு, முந்தைய இரவே லண்டன் வந்து தங்குபவருக்கு அது நல்ல வழி. உங்களுக்கு இல்லை.

வரியும் பாருங்கள். பிரிட்டனில் இருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பினால் எகானமிக்கே 2026 ஏப்ரல் முதல் 102 பவுண்டு விமான வரி, அதற்கு முந்தைய ஆண்டு 90. ஒரே டிக்கெட்டில் லண்டன் வழியாக 24 மணி நேரத்துக்குள் மாறிப் போனால் அந்த வரி கிடையாது, தனி டிக்கெட் எடுத்தால் உண்டு. தேடல் பக்கத்தில் காட்டும் விலையில் வரி சேர்ந்தே இருக்கும், பெட்டிக் கட்டணம்தான் பெரும்பாலும் இருக்காது. அதனால் ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் இரண்டு பெட்டியைச் சேர்த்து, காசு கட்டும் பக்கம் வரை போய், அங்கே வரும் தொகையை எழுதி வைத்து ஒப்பிடுங்கள். முதல் பக்கத்தில் மலிவாக இருந்தது அங்கே மூன்றாவதாகப் போயிருக்கும்.

மேகப்பாதை:
மூட்டைமுடிச்சு சொன்னதுதான் சரி. இன்னொன்று, கிரெடிட் கார்டில் கட்டுங்கள். அட்லாண்டிக்கில் மலிவு விலை கம்பெனிகள் திடீரென்று மூடுவது புதிதில்லை. வாவ் ஏர் 2019 மார்ச்சில் நின்றது, பிளே 2025 செப்டம்பரில். இரண்டு முறையும் டிக்கெட் வைத்திருந்தவர்கள்தான் வேறு விமானம் தேடி அலைந்தார்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் கேட்டு வாங்க வழி இருக்கும்.

பனிக்காற்று:
இரண்டு பெட்டி சேர்த்துப் பார்த்தேன். செப்டம்பர் நடுவில், செவ்வாய்க்கிழமை, ஐஸ்லாந்தேர் கெஃப்லாவிக் வழிதான் எல்லாவற்றிலும் குறைவு, நேர் விமானத்தின் ஒருவழி விலையில் பாதிக்கும் கீழே. ஏர் லிங்கஸ் கொஞ்சம்தான் கூட. ஐஸ்லாந்தில் ஒரு நாள் தங்கிப் போனால் டிக்கெட் விலை ஏறுமா?

கடலோடி:
ஏறாது. ஸ்டாப்ஓவர் என்று தேர்ந்தெடுத்தால் ஏழு நாள் வரை தங்க விடுவார்கள், டிக்கெட்டுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. ஆனால் ஐஸ்லாந்தும் ஜெர்மனி மாதிரி ஷெங்கனுக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இருப்பதால் உங்கள் ஜெர்மன் குடியிருப்பு அனுமதி முடியும் தேதியைப் பார்த்துவிட்டு எடுங்கள். பெட்டிகளையும் அங்கே எடுத்துக்கொண்டு மறுநாள் திரும்பப் போட வேண்டியிருக்கும்.