யாரும் பரிந்துரைக்காத தமிழ்ப் புத்தகங்களை எங்கே போய்த் தேடுவது?

வில்லிவாக்கம் காயில்கடை:

வணக்கம். வில்லிவாக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வருவதில் பெரும்பகுதி போர்வெல்லுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார்கள். ஏப்ரல் பிறந்ததும் நிலத்தடி நீர் இறங்கிவிடும். மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகி, கடை வாசலில் வரிசை கட்டும். காயிலுக்கு அடித்த வார்னிஷ் காய்கிற நேரம் என் படிப்பு நேரம்.

புத்தகம் சொல்லுங்கள் என்று எங்கே கேட்டாலும் அதே இருபது நாவல், அதே நாலு கவிதைத் தொகுப்பு, நடுவில் வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று ஒன்று. நாவலுக்கு நான் விரோதி இல்லை. ஆனால் என் தலைக்குள் ஓடுவது வேறு. இந்த ஊரில் போர்வெல் போடுவதற்கு முன்னால் மணல் சரியாமல் கிணற்றுக்கு உறை எப்படி இறக்கினார்கள்? மரக்காணத்து உப்பளத்தில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்களே, ஏன்? அச்சுக்கூடங்களுக்கு ஈய எழுத்து யார் வார்த்துக் கொடுத்தார்கள்? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குத் தவறாமல் போகிறேன். கூட்டம் தள்ளுகிற திசையில் நடந்து, கண்ணுக்கு நேராக அடுக்கியிருப்பதை வாங்கி, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வீடு திரும்புகிறேன். மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

தமிழில் வேண்டும். தயவுசெய்து பட்டியல் போடாதீர்கள். தேடும் வழியைச் சொல்லுங்கள்.

பி.டி.எஃப். பித்தன்:

எதற்கு அலைச்சல், அண்ணே? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்து பாருங்கள். அரிய நூல்கள், பழைய பருவ இதழ்கள், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் எல்லாம் இலவசம். ஈழத்துப் புத்தகங்களுக்கு 2005 முதல் 'நூலகம்' தளம் இருக்கிறது. மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளம் 1998-லேயே தொடங்கியது. ஆனால் அதில் இலக்கியம்தான் அதிகம், உங்களுக்கு உதவாது.

பலர் எட்டிப் பார்க்காத மூலை ஒன்று உண்டு. கல்லூரியில் தமிழ்வழிப் படிப்புக்காகத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் போட்ட புத்தகங்கள். நிலவியல், உளவியல், புள்ளியியல், பொருளாதாரம் என்று எல்லாத் துறையிலும் உண்டு. நடை இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். விஷயம் கெட்டி.

ஓய்வுபெற்ற கிளை நூலகர்:

தம்பி, பித்தன் சொன்ன இடங்கள் எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் அவை பெயர் தெரிந்த புத்தகத்தை எடுக்கத் தோதானவை. அங்கே பல நூல்கள் பக்கப் படங்களாகத்தான் கிடக்கின்றன. தலைப்பும் ஆசிரியர் பெயரும் தேடலில் சிக்கும், உள்ளே இருப்பது சிக்காது. நீங்கள் கேட்டது பெயரே தெரியாத புத்தகத்தைப் பற்றி.

நான் வடசென்னையில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். வருகிறவர்கள் மேசைக்கு வந்து, "கிணற்றைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்பார்கள். கிணறு ஒரே அலமாரியில் இருக்காது. புத்தகங்களைத் துறைவாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் நிலத்தடி நீர் 551.49-இல், நிலவியலோடு உட்கார்ந்திருக்கும். குடிநீர் வழங்கல் 628.1. பாசனம் 631.587, வேளாண்மைப் பக்கம். தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்கிற பொருளியல் 333.91-க்குப் போய்விடும். கிணறு வெட்டிக் கொடுத்தவனைப் பற்றிய கல்வெட்டு வரலாற்றில், கிணற்றடிச் சடங்கு நாட்டார் வழக்காற்றில். உங்கள் மோட்டார் 621.46. ஆகவே நூலகத்துக்குள் நின்று தேடாதீர்கள், நடந்து தேடுங்கள். ஒரு எண்ணில் ஒரு நல்ல புத்தகம் அகப்பட்டால் அதற்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் வரை உருவிப் பாருங்கள்.

உருவியதும் முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். துணைநூற்பட்டியல் இல்லையென்றால் முன்னுரையில் யாருக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறார், எந்த நூலகத்தில் உட்கார்ந்து எழுதினார் என்று பாருங்கள். பின்னட்டை உட்புறத்தில் 'எமது பிற வெளியீடுகள்' என்று பொடி எழுத்தில் இருக்கும். பாதி அச்சில் இருக்காது, நூலகத்தில் இருக்கும். இரவல் கொடுக்கும்போது முத்திரை குத்தும் தேதிச் சீட்டையும் பாருங்கள். கோழி வளர்ப்புப் புத்தகத்தில் முத்திரை குத்த இடமில்லாமல் மேலே ஒரு சீட்டு ஒட்டியிருப்போம். பக்கத்திலேயே கடற்பாசி பற்றி ஒன்று, ஒற்றை முத்திரையோடு, பக்கம் கூட மடங்காமல் நிற்கும். என் அனுபவத்தில் அந்த ஒற்றை முத்திரைக்காரர்கள்தான் ருசியானவர்கள்.

கிளை நூலகர் நல்ல மனநிலையில் இருந்தால் சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். புத்தகங்கள் வந்த வரிசையில் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருப்போம். சமையல், சட்டம், பாம்புக்கடி, பெரிய புராணம், கோபுர வர்ணம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். துறை பிரிக்காத பட்டியல் என்று நானறிந்து அது ஒன்றுதான்.

ஒரு சங்கிலியைச் சொல்கிறேன், பட்டியல் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்' என்று 1962-ல் எழுதினார். தலைப்பைப் பார்த்துச் செய்யுள் ஆராய்ச்சி என்று நினைத்துவிடக்கூடாது. அந்த நூற்றாண்டில் யார் எதை அச்சிட்டார்கள் என்கிற கணக்குப் புத்தகம் அது. அந்த நூற்றாண்டைப் பிடித்துக்கொண்டு போனால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் வந்து நிற்பார். மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். 1867-ல் 'இரண வைத்தியம்', அதாவது அறுவை மருத்துவம். 1875-ல் 'கெமிஸ்தம்', வேதியியல். கிரீனைத் தேடப் போனால் அச்சுக்கூடங்களைப் பற்றிப் படிக்காமல் திரும்ப முடியாது. உங்கள் ஈய எழுத்துக் கேள்வி அங்கே தொடங்குகிறது. எந்தப் பரிந்துரையும் இல்லாமல் ஒரே ஒரு புத்தகத்திலிருந்து இவ்வளவு தூரம்.

நூலகர்களுக்கெல்லாம் குரு எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-ல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. கடற்பாசிப் புத்தகத்துக்கு ஒரு காயில்கடைக்காரர் வரட்டுமே.

வில்லிவாக்கம் காயில்கடை:

அம்மா, நான் கேட்டது இதைத்தான். நன்றி. சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரியைப் பார்த்து வருஷா வருஷம் முறைத்துக்கொண்டிருக்கிறேன். இனி வசூல் செய்துவிட வேண்டியதுதான். கிளை நூலகம் போதுமா, கன்னிமாராவுக்கே போய்விடட்டுமா?

பித்தன் தம்பிக்கு: மின்னூலில் பிழையில்லை. என் விரலில் எப்போதும் வார்னிஷ். போன் திரை என் கட்டைவிரலை அடையாளம் கண்டுகொள்வதே பெரும்பாடு.

ஓய்வுபெற்ற கிளை நூலகர்:

முதலில் கிளை, பிறகு கன்னிமாரா. 1896-ல் திறந்த நூலகம் அது. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி அங்கே வந்தாக வேண்டும். நாட்டில் அப்படிப்பட்டவை நான்குதான். அனுப்பாத பதிப்பாளர்கள் உண்டு, அது வேறு கதை. அவ்வளவு பெரிய இடத்துக்குள் எண் தெரியாமல் போனால் திகைத்துப்போவீர்கள். உங்கள் கிளையிலேயே நாலைந்து எண்களையும் சில ஆசிரியர் பெயர்களையும் குறித்துக்கொண்டு போங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தமிழ் நூல்கள் இரண்டாம் தளத்தில். அங்கே வெளிச்சமும் நாற்காலியும் அருமை, ஏ.சி.தான் வயதானவர்களுக்கு ஆகாது.

ஞாயிறு நடைபாதை:

நூலகர் அம்மா சொன்னதற்கு மறுப்பில்லை. ஆனால் நூலகத்துக்கே போகாத புத்தகங்கள் இருக்கின்றன. அவை பழைய பேப்பர் கடையில் எடைக்கு விழுந்து, அங்கிருந்து திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து சேரும். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபோது பழைய புத்தக உலகமே முடிந்தது என்று என் அப்பா புலம்புவார். முடியவில்லை, சிதறியது.

நடைபாதையில் எல்லோரும் முதுகைப் படிப்பார்கள். முதுகில் பெயர் இல்லாதவற்றை எடுங்கள், ஐயா. மெல்லிசாக, பின் அடித்து, அட்டை பழுப்பேறி இருக்கும். முக்கியமாக மலர்கள்: கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், வியாபாரிகள் சங்கப் பொன்விழா மலர். முதல் பத்துப் பக்கம் வாழ்த்துரை, தைரியமாகத் தாண்டுங்கள். நடுவில் யாராவது ஒரு பழைய கணக்குப்பிள்ளை தன் தொழிலைப் பற்றி எழுதியிருப்பார். மூட்டை என்ன விலை, படகில் எப்படி ஏற்றினார்கள், கூலியைப் பணமாகக் கொடுத்தார்களா நெல்லாகக் கொடுத்தார்களா என்று. ஆராய்ச்சியாளர் எவரும் கேட்காத விவரம். விளம்பரங்களையும் விடாதீர்கள். ஒரு தெருவில் எத்தனை அச்சகம் இருந்தது என்பது விளம்பரப் பக்கத்தில்தான் தெரியும்.

பேரம் பேசும்போது மட்டும் மலரைக் கையில் தூக்கிப் பிடிக்காதீர்கள். நீங்கள் ஆசைப்படுவது தெரிந்தால் விலை ஏறும். ஒரு போட்டித்தேர்வுப் புத்தகத்துக்கு அடியில் வைத்துக் கேளுங்கள்.

தரமணி பக்கம்:

ஒரு சின்னச் சேர்க்கை. பழைய இதழ்களில் 'வரப்பெற்றோம்' என்று ஒரு பகுதி இருக்கும். மதிப்புரை எழுத நேரமில்லாத புத்தகங்களின் பெயர், விலை, கிடைக்குமிடம் மட்டும் வரும். மதிப்புரை கிடைத்தவை ஓரளவு அறிமுகமாகிவிட்டன. உங்களுக்கு வேண்டியது இந்த மிச்சம்தான். 1923-ல் தொடங்கிய செந்தமிழ்ச் செல்வி, 1932-ல் தொடங்கிய கலைமகள் போன்றவற்றின் பழைய தொகுதிகளைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கோட்டையூர்க்காரரான முத்தையா நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்து வைத்தவர். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது. வீட்டுக்குத் தரமாட்டார்கள். அட்டவணையை இணையத்தில் பார்த்து, வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு போனால் பாதி நாள் மிச்சம்.

அதே வட்டாரத்தில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம். தங்கள் வெளியீடுகளைத் தாங்களே விற்கிறார்கள். விளம்பரம் செய்யத் தெரியாத நிறுவனங்களின் புத்தகங்களை அவர்கள் வாசலில் போய்த்தான் வாங்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியக வெளியீடுகளும் அப்படித்தான், ஆனால் அவற்றில் ஆங்கிலம் அதிகம்.

வில்லிவாக்கம் காயில்கடை:

நடைபாதைக்காரர் சொன்ன மலர்களை நூலகத்தில் எந்த எண்ணில் வைப்பார்கள், அம்மா?

ஓய்வுபெற்ற கிளை நூலகர்:

நல்ல கேள்வி, சங்கடமான கேள்வி. கோயில் மலர் சமயத்துக்குப் போகும், பள்ளி மலர் கல்விக்கு, சங்க மலர் வணிகத்துக்கு. பல கிளைகளில் மலர்களை வாங்குவதே இல்லை. யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தால் கட்டிப் பரணில் போடுவோம். கன்னிமாராவில் கணினிப் பட்டியலில் தலைப்பு என்ற இடத்தில் 'மலர்' என்று மட்டும் போட்டுத் தேடுங்கள். பூ வளர்ப்புப் புத்தகங்களும் சேர்ந்து வரும், அவற்றைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். கிளையிலானால் நூலகரிடம் அன்பளிப்புக் கட்டு எங்கே என்று கேளுங்கள். தூசி இருக்கும், கைக்குட்டை எடுத்துப் போங்கள்.