கோயம்புத்தூர்க் கரும்பில் காட்டினம் கலந்தது ஏன்?

கேள்வி: வட இந்தியக் கரும்பு ரகங்கள் பலவற்றின் மூலம் கோயம்புத்தூரில்தான் இருக்கிறது என்று படித்தேன். இனிப்புக் குறைந்த காட்டுக்கரும்பை நல்ல கரும்போடு ஏன் கலந்தார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்க முடியுமா?

பதில்: தடித்து இனிக்கும் கரும்பு வடக்கின் குளிரைத் தாங்கவில்லை, அங்கிருந்த மெல்லிய கரும்போ குறைவாகவே விளைந்தது. ஆகவே, 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வாளர்கள் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்னும் இனிப்புக் கரும்பை, நாணல் போன்று உறுதியாக வளரும் காட்டுக்கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205 என்னும் ரகம், 1918இல் பஞ்சாபில் பயிருக்கு வந்தது.

இன்னொருவர்: ஒரே கலப்போடு அவர்கள் நிற்கவில்லை. காட்டினத்தின் உறுதி குன்றாமல் சர்க்கரை கூடும்படி, வாரிசுகளை இனிப்புக் கரும்போடு மீண்டும் மீண்டும் கலந்தார்கள். என் பார்வையில் அந்தப் பொறுமையே பெரிய சாதனை.

மற்றொருவர்: ஒரே ரகம் எங்கும் பரவுவதில் ஆபத்தும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் பெரும்பரப்பைப் பிடித்த கோ 0238 செவ்வழுகல் நோய்க்கு ஆளானதால், உழவர்கள் மாற்று ரகங்களை நாட வேண்டியதாயிற்று.