ஆள் குறைந்த ஊருக்கு அரசுப் பணம் கேட்டு அலைந்த அனுபவம்: உங்கள் ஊர்க் கதையையும் எழுதுங்கள்

ஓடைக்கரையான்:

எங்கள் ஊர் கமுதிக்குத் தெற்கே. நான் பையனாக இருந்தபோது எழுபது வீட்டில் அடுப்பெரிந்தது. இப்போது ஒன்பது. மீதிப்பேர் திருப்பூர், மதுரை, மும்பை, சிலர் மலேசியா. நானே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், அதனால் ஊரைவிட்டுப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. பத்து மாதம் அதில் ஆடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் இடுப்புக்குத் தண்ணீர். 2021 மழையில் என் அப்பத்தாவுக்கு மூச்சுத்திணறல். 108 அக்கரையில் நிற்கிறது. நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி ஓடையைக் கடத்தினார்கள். அப்பத்தா பிழைத்துவிட்டது. அதற்கப்புறம்தான் தரைப்பாலம் கேட்டு ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தேன்.

ஓவர்சியர் வந்து டேப் பிடித்து அளந்தார். ஹியூம் பைப் நாலு வரிசை, மேலே கான்கிரீட், இருபக்கமும் கல்கட்டு. எஸ்டிமேட் ஏழரை லட்சம். நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்: "சார், ஊர்ல எத்தனை தலை?" இருபத்தொன்று என்றேன். "இருபத்தொரு தலைக்கு ஏழரை லட்சம்னு ஃபைலை மேல அனுப்புனா, என்னையத்தான் முதல்ல கேப்பாங்க." அவர் சொன்னதில் பொய்யில்லை. அவரே ஒரு வழியும் சொன்னார்: நமக்கு நாமே திட்டம். மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டினால் மீதியை அரசு போடும். 1997-98இல் வந்த திட்டம், நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்ற பேரில் ஓடி, 2021-22இல் மறுபடி பழைய பேருக்கே திரும்பியிருந்தது.

இரண்டரை லட்சத்துக்கு ஒன்பது வீட்டில் எங்கே போவது? மாசிக் களரிதான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட எந்த ஊரில் இருந்தாலும் வந்துவிடுவார்கள். இருபத்தொரு பேர் இருக்கும் ஊரில் அன்றைக்கு ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிறோம். கோவில் நோட்டில் எங்கள் ஊருக்குத் தொண்ணூற்று நாலு தலைக்கட்டு. தாராவியில் இருப்பவனும் தலைக்கட்டு, ஈப்போவில் இருப்பவனும் தலைக்கட்டு. கல்யாணம் ஆனால் நோட்டில் பேர் ஏறும், வரி வரும். ஊரில் படுத்து எழுந்திரிக்கிறானா என்று கோவில் கேட்பதில்லை.

2022 களரியில் பூசாரி விபூதி கொடுத்து முடித்ததும் பேச்சை எடுத்தேன். தலைக்கட்டுக்கு மூவாயிரம். உடனே தகராறு. மதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒரு சித்தப்பா, "பாலத்துல எவன் நடக்கப் போறான்? கோவிலுக்கு முன்னால தகரக் கொட்டகை போடு, நானே அம்பதாயிரம் தாரேன்" என்றார். கோவில் வேலைக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை என்று அலுவலகத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னேன். "அப்ப எனக்கும் இடமில்லை" என்று எழுந்துவிட்டார். கடைசியில் எண்பத்தாறு தலைக்கட்டு கொடுத்தது. 2,58,000. இரண்டரை லட்சத்துக்கு டி.டி. எடுத்தேன், மிச்சம் எட்டாயிரம் ஜெராக்ஸ், பஸ், டீக்குப் போனது. கணக்கு என்னிடம் இருக்கிறது.

முதல் டெண்டருக்கு ஒருவரும் வரவில்லை. "லோடு அடிக்கற தூரத்துக்கு இந்த வேலை கட்டாதுண்ணே" என்று ஒரு காண்டிராக்டர் நேராகவே சொன்னார். மறுபடி டெண்டர், நடுவில் அதிகாரி மாற்றல். அடுத்த வருஷம் புரட்டாசியில்தான் கான்கிரீட் போட்டு முடித்தார்கள். அதன்பிறகு மூன்று மழை பார்த்துவிட்டது, கல்கட்டில் ஒரு பக்கம் மட்டும் விரிசல்.

உங்கள் ஊர்களில் எப்படி? ஆள் குறைந்த ஊருக்கு ஏதாவது வாங்கினவர்கள் எழுதுங்கள்.

மம்பட்டி:

அருமைண்ணே. ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா? 2011 மக்கள்தொகைக் கணக்கு மார்ச் 1ஆம் தேதியை வச்சு. அந்த வருஷம் சிவராத்திரி மார்ச் 2. ஒரே ஒரு நாள் தள்ளி எண்ணியிருந்தா நம்ம ஊரெல்லாம் பேரூராட்சி!

கரிசல் மாஜி:

தம்பி, வந்துபோற ஆளையெல்லாம் அதில் எழுத மாட்டாங்க. சிரிப்புக்குச் சரி.

நான் விளாத்திகுளம் பக்கம். 2020 ஜனவரியில் இருந்து 2025 ஜனவரி வரைக்கும் ஊராட்சித் தலைவரா இருந்தவன். எங்களுக்கு முன்னால மூணு வருஷம் தேர்தலே நடக்காம தனி அலுவலர், எங்களுக்குப் பின்னாலயும் தனி அலுவலர். நடுவுல அஞ்சு வருஷம் நான் பட்டது இது.

மாநில நிதிக்குழு மானியத்துல பெரும்பங்கு மக்கள்தொகையைப் பார்த்துத்தான் வரும். ஆனா செலவு தலையைப் பார்த்து வராது. பத்து வீட்டுக்கு ஓடுற மோட்டாரும் நூறு வீட்டுக்கு ஓடுற மோட்டாரும் ஒரே ஹெச்.பி.தான். தெருவிளக்கைப் பாதி அணைக்க முடியுமா? டேங்க் ஆபரேட்டருக்குப் பாதிச் சம்பளம் குடுக்க முடியுமா? கரண்ட் பில், சம்பளம், பைப் உடைப்பு, இதுலயே கை காலி. மத்திய நிதிக்குழுப் பணம் வந்தா, அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப் போட்டிருந்தாங்க. மீதி 40ஐ வச்சு ஆறு குக்கிராமத்துக்குப் பங்கு வைக்கணும்.

100 நாள் வேலையில் பேவர் பிளாக் போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. செலவுல கூலிக்கு 60 சதவீதம், பொருளுக்கு 40 மிஞ்சக் கூடாதுன்னு அப்ப சட்டம். மண்வெட்டி பிடிக்க ஆள் வந்து கூலி ஏறினாத்தான் சிமெண்டுக்குப் பணம் ஏறுச்சு. எங்க கடைசிக் குக்கிராமத்துல அட்டை வச்சிருந்தது பதினொரு பேர், அதில் எட்டுப் பேர் அறுபது தாண்டினவங்க. அங்க எங்கிட்டு ரோடு போட?

ஒண்ணு சொல்லணும், இதை நல்லாப் புரிஞ்சு செஞ்ச காலமும் உண்டு. 2006இல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தப்ப ஊராட்சிக்கு 20 லட்சம். குக்கிராமம் ஒண்ணு இருந்தாலும் அதே 20, முப்பது இருந்தாலும் அதே 20. பணம் எல்லாம் பெரிய ஊர்லயே நின்னு போச்சு. அந்தக் குறையைப் பார்த்துத்தான் 2011இல் தாய் திட்டம், குக்கிராமத்தையே அலகா எடுத்தாங்க. தமிழ்நாடு முழுக்க 79,394 குக்கிராமம்னு கணக்கு. எங்க கடைசிக் குக்கிராமத்துக்குச் சுடுகாட்டுப் பாதை வந்தது அதில்தான். வாழ்றதுக்கு வரலைன்னாலும் போறதுக்கு வந்துச்சுன்னு ஒரு கிழவி சொல்லுச்சு, இன்னும் காதுல நிக்குது.

சிவகங்கை மருமகள்:

என் அனுபவம் சின்னது. நாங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறோம், மாமனார் வீடு இளையான்குடிப் பக்கம், ஏழு வருஷமாகப் பூட்டு. போன பொங்கலுக்குப் போனால் வாசலில் நீலக் கம்பத்தோடு குழாய். ஜல் ஜீவன். எங்கள் தெருவில் பதினாலு வீடு, பதினொன்று பூட்டு, பதினாலிலும் குழாய். எங்கள் வீட்டுக் குழாய்த் திருகில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. என்றைக்காவது திரும்பி வந்தால் தண்ணீர் இருக்குமே என்றுதான் தோன்றியது. பக்கத்து வீட்டு அத்தைக்குத்தான் கோபம்: "ஆளில்லாத வாசல்ல குழாய நட்டுட்டு, எனக்குக் காலையில அரைமணி நேரந்தான் விடுறாக. தலைக்கு 55 லிட்டர்னு போர்டுல போட்டிருக்கு, என் தலைக்கு எங்கே?" அங்கே மிச்சமிருக்கும் மூன்று வீடும் தெருவின் மேட்டுமுனையில். பூட்டின வீடெல்லாம் பள்ளத்தில். வாசர் போன குழாய் நாலைந்து இருக்கிறது, இறங்குகிற தண்ணீரெல்லாம் அதில் ஒழுகிப் போகிறது, மூட ஆளில்லை. இரண்டு குழாயை நானே பிளக் வாங்கி அடைத்துவிட்டு வந்தேன், அறுபது ரூபாய்.

ஷிமானே தமிழன்:

ஜப்பானில் ஷிமானே மாகாணத்தில் பாலம் ஆய்வு செய்யும் குழுவில் வேலை. இங்கே 2014 முதல் இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒவ்வொரு சாலைப் பாலத்தையும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்தாக வேண்டும். அதனால் ஆளே இல்லாத பள்ளத்தாக்குகளுக்கெல்லாம் போவேன்.

இங்கே கணக்கு தலைகீழ். ஆள் குறைவதற்கு 'கசோ' என்று பேர், அதற்கென்றே 1970இல் சட்டம் போட்டு, காலாவதியாகும் போதெல்லாம் புதிதாகப் போடுகிறார்கள். இப்போதுள்ளது 2031 மார்ச் வரை. மக்கள்தொகை எவ்வளவு சரிந்தது, ஊராட்சியின் சொந்த வருமானம் எவ்வளவு குறைவு என்று பார்த்து அறிவிப்பார்கள். அறிவித்துவிட்டால் ரோடு, பாலம், மருத்துவமனைக்குத் தனிக் கடன்பத்திரம் போடலாம், திருப்பிக் கட்டுவதில் 70 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும். ஆள் போகப் போக உரிமை கூடுகிறது.

கேட்க நன்றாக இருக்கும். போன வருஷம் மூன்று வீட்டுக்குப் போகும் ஒரு பாலத்தைப் பார்த்தோம். அடிக்கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உதிர்கிறது. கூட வந்த நகராட்சிக்காரர் தலையைச் சொறிந்தார்: "70 அவர்கள் தருவார்கள், 30 நாங்கள்தானே. இப்படி எத்தனை பாலம் தெரியுமா?" அந்தக் காலத்தில் தாராளமாகக் கட்டிவிட்டார்கள், இப்போது எல்லாம் ஒரே நேரத்தில் கிழடாகிறது. கடைசியில் கனரக வண்டிக்குத் தடை என்று பலகை வைத்தார்கள். அங்கே கனரக வண்டி என்றால் வாரம் ஒருமுறை வரும் மண்ணெண்ணெய் லாரிதான். ஒரு பாட்டி எங்களுக்கு உலர்ந்த சீமைப் பனிச்சம்பழம் கொடுத்துவிட்டு, இனிமேல் கேனில் தூக்கி வர வேண்டுமா என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

மம்பட்டி:

ஓடைக்கரையான் அண்ணே, அந்த விரிசலுக்கு யார் பொறுப்பு? காண்டிராக்டரா, ஊராட்சியா? பாதிக்குப் பாதி ஊர் போட்டா வேலையை நாமளே எடுத்துச் செய்யலாம்னு சொல்றாங்களே, அது உண்மையா?

ஓடைக்கரையான்:

உண்மைதான், பங்கு 50 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் பங்கு கொடுத்தவர்களே செய்யலாம். எங்களால் மூன்றில் ஒன்றே தாண்ட முடியவில்லை. விரிசலைப் போட்டோ எடுத்து ஒன்றியத்தில் கொடுத்தேன், பராமரிப்பு ஊராட்சி நிதியில்தான் என்றார்கள். மாஜி அண்ணன் மேலே எழுதியதைப் படித்ததும் அந்த நிதி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. வருகிற களரியில் தலைக்கட்டுக்கு இருநூறு கேட்கலாம் என்று இருக்கிறேன். மதுரைச் சித்தப்பா இந்தத் தடவை கார் கொண்டுவந்து கோவில் வாசலில் நிறுத்தினார், பாலம் வழியாக. அவரிடம் முதலில் கேட்பேன்.

அப்பத்தாவுக்கு இப்போது சாயங்காலம் ஆனால் பாலத்துத் திண்டில்தான் இருப்பு. வெயில் இறங்கின பிறகும் சிமெண்டு சூடாக இருக்கும், முட்டிக்கு இதம் என்கிறது. போன மாதம் போனபோது பக்கத்தில் உட்கார்ந்தேன். ரோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாலம் போட்டீக, சரி. பஸ்ஸு எப்பய்யா வரும்?" என்றது.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ரசீது வந்திருக்கிறது. எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.