இளஞ்சோளமும் புது வரகும்: உங்களுக்கு நேர்ந்தவற்றைப் பகிருங்கள்

தேவகோட்டைக்காரர்:
அறுத்த தட்டையின் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புச் சோளத்தைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வறட்சியில் காய்ந்து கிடந்த கொல்லையில் ஒரு மழை விழுந்ததும் அடித்தட்டை துளிர்த்திருந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு போன எங்கள் செவலைப் பசு அதைத்தான் மேய்ந்தது. சற்று நேரத்தில் நுரை தள்ளி, கால் பின்னி விழுந்துவிட்டது. கால்நடை மருத்துவர் உதட்டை விலக்கி ஈறைக் காட்டினார். சாகக் கிடக்கும் மாட்டின் ஈறு வெளுத்திருக்கும் என்று எண்ணியிருந்தேன்; அதுவோ செம்பருத்தியைப் போலச் சிவந்திருந்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடல் அதை எடுத்துக்கொள்ள முடியாதபடி, இளஞ்சோளத்திலிருந்து வரும் சயனைடு நஞ்சு தடுப்பதால் வரும் சிவப்பு அது என்று சொல்லிக்கொண்டே, நஞ்சை முறிக்கக் கழுத்து நரம்பில் சோடியம் நைட்ரைட்டையும் அடுத்து சோடியம் தயோசல்பேட்டையும் ஏற்றினார். பசு பிழைத்துவிட்டது, அந்தச் சிவப்பு மட்டும் கண்ணை விட்டு அகலவில்லை.

கல்லல் விவசாயி:
தேவகோட்டை அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்க மனம் வரவில்லை. கதிர் வாங்கியபின் அறுத்து, காயவைத்துப் படப்பு போட்ட சோளத்தட்டையைத்தான் எங்கள் மாடுகள் கோடை முழுதும் தின்கின்றன. எதற்கும் ஒன்றும் நேர்ந்ததில்லை. பயிரைப் பழிக்காமல் பருவத்தைச் சொல்லுங்கள். என்னை உறுத்துவது வரகுதான். தை மாதத்தில் பெய்த மழையில் நனைந்த கதிரை ஈரத்தோடு குவித்து வைத்திருந்த பக்கத்துக் கொல்லைக்காரர், அந்தப் புது வரகைக் குத்திச் சோறாக்கி உண்டுவிட்டு, திண்ணைத் தூணைக் கட்டிப் பிடித்தபடி, "வீடு சுற்றுகிறது, நிறுத்துங்கள்" என்று கெஞ்சினார். சிரித்தவர்கள் யாரும் அந்தச் சோற்றை உண்ணாதவர்கள்.

கானாடுகாத்தான் வாசகி:
கல்லல் ஐயா, அவர் வேறு ஏதும் அருந்தியிருக்கவில்லை என்பது என்ன உறுதி? எங்கள் வீட்டில் வரகரிசி உப்புமா அடிக்கடி உண்டு. ஒருவருக்கும் தலை சுற்றியதில்லை.

குன்றக்குடியிலிருந்து ஒருவர்:
அம்மா, நன்கு காய்ந்த வரகைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் வரகுப் பயிரை மேய்ந்த 10 யானைகள் இறந்தன. அவற்றின் உடலில், பூஞ்சணம் பிடித்த வரகில் உண்டாகும் சைக்ளோபியசோனிக் அமிலம் கண்டறியப்பட்டது. யானைகளும் அருந்திவிட்டு வந்தன என்று சொல்ல மாட்டீர்கள் என நம்புகிறேன். நான் கண்டது சிறிய செய்திதான்: ஈரம் பட்ட வரகைத் தின்ற எங்கள் வெள்ளாடு, சுவரில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு மாலைவரை நின்றது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். கதிர் நனைந்துவிட்டால் குவிக்காமல் களத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும்; முடைநாற்றம் வந்த தானியத்தை, வீணாகிறதே என்று கோழிக்கோ மாட்டுக்கோ போடக் கூடாது. சோளத்தைப் பூக்கும் முன் மேய விடாதீர்கள். வாடிய பயிரிலும் மறுதாம்பிலும் நஞ்சு கூடுதல். பலமுறை அறுக்கும் கோ எஃப்எஸ் 29 தீவனச் சோளத்தின் முதல் அறுப்புக்கே ஏறத்தாழ 65 நாட்கள் காத்திருக்க வேண்டும். பசித்த மாட்டுக்கு முதலில் வைக்கோலைக் கொடுத்துவிட்டுப் பிறகு பசுந்தட்டையைப் போடுங்கள். கம்பில் சயனைடு இல்லை என்று மாட்டைத் துணிந்து மேய விடுகிறவர்கள், யூரியா அதிகம் இட்டு வறட்சியில் வாடிய கம்புப் பயிரில் மாட்டுக்கு நஞ்சாகும் நைட்ரேட் சேரும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.