மனச்சிதைவு நோய்க்கான மாதாந்திர ஊசி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா மகனுக்கு மனச்சிதைவு நோய். மோட்டார் சத்தத்துக்குள் யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்லி, நடவு நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மாத்திரையில் அந்தக் குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் குளிப்பதில்லை, பேச்சில்லை, போட்ட சோற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இதுவும் நோயின் ஒரு பகுதிதான் என்றார் டாக்டர்; சித்தப்பாவுக்கோ வெறும் சோம்பேறித்தனம். மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். சரி, பெருமாளைக் கும்பிடட்டும், மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

தினசரி மாத்திரைக்குப் பதில் மாதம் ஒருமுறை போடும் ஊசி தஞ்சாவூர், திருவாரூர் அரசு ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிறதா? போட்டவர்களுக்கு எடை கூடியதா, கை நடுக்கம் வந்ததா? அப்புறம், அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் குடும்பத்தாரிடமும் பேசுவார்களா? சித்தப்பாவைத்தான் பேசவைக்க வேண்டும்.