புதுப்பிப்பு: மார்ச் 10 முதல் ஒரு மணி நேரம் தள்ளிப்போன நினைவூட்டல் – தீர்ந்தது

நியூயார்க் நேரம் காலை 9 மணிக்குப் போகவேண்டிய நினைவூட்டல், 2024 மார்ச் 10 முதல் 10 மணிக்குப் போவது ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

அடுத்த நினைவூட்டலின் நேரத்தைக் கணக்கிட, முந்தைய நேரத்துடன் '24 மணி நேரம்' வேண்டாம், '1 நாள்' கூட்டுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. மார்ச் 10 அன்று நியூயார்க்கில் கோடைக்கால நேரம் தொடங்கி, அதிகாலை 2 மணி நேராக 3 ஆகிவிட்டதால் அந்த நாளுக்கு 23 மணி நேரமே. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் டைம்ஸ்டாம்ப்டிஇசட் (நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்ளும் தேதி-நேர வகை) நெடுவரிசையில் மார்ச் 9 காலை 9 மணியுடன் 24 மணி நேரத்தைக் கூட்டினால் மறுநாள் 10 வருகிறது. 1 நாளைக் கூட்டினால் 9.

எதிர்பாராதது ஒன்று: என் கணினியில் சரியாக வந்த விடை, சர்வரில் மறுபடி 10 என்றே வந்தது. அங்கே தரவுத்தள இணைப்பின் நேர மண்டலம் யுடிசி (உலகப் பொது நேரம்). அதில் எல்லா நாளும் 24 மணி நேரம்தானே! அதை 'அமெரிக்கா/நியூயார்க்' என்று மாற்றியதும் ஒழுங்கானது. 'இஎஸ்டி' (அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்கால நேரம்) என்று கொடுத்துவிடாதீர்கள், அது கோடையிலும் நகராது. போஸ்ட்கிரெஸ் 16ஆம் பதிப்பு முதல், தேதியுடன் கால அளவைக் கூட்டும் டேட்_ஆட் செயற்கூறிலேயே நேர மண்டலத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.